வலை இல்லன்னா விளையாட்டு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். பரவால்ல, பரவால்ல, எனக்கு இந்தப் பக்கமே போதும். கடலைப் பார்த்தா எனக்கு வாயில உப்பு ஊறும். பயம்னு நெனச்சுடாதீங்க. முப்பது வருஷத்துக்கு மேல போலீஸ்ல இருந்தவன் நான். ஹெட் கான்ஸ்டபிளா ரிட்டையர் ஆனேன். தணிகாசலம்னு சொன்னா இந்த ஈ.சி.ஆர். ரோட்டுல பாதி கடைக்காரங்களுக்குத் தெரியும். பயமெல்லாம் இல்ல சார். ஒரு வருத்தம். கடல் மேலகூட இல்ல, மனுஷங்க மேல.

நீங்க பாண்டிச்சேரி வரைக்குமா? அப்ப சரி. நான் முன்னாடியே இறங்கிடுவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சுடலாம். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல என்ன தப்புன்னு. படிச்சவரு மாதிரி இருக்கீங்க.

கொரோனா நேரம். ஊரே அடங்கிக் கிடக்குது. ரோட்டுல நாய்கூட ரெண்டு ரெண்டாத்தான் போகும், கூட்டமாப் போகாது. எனக்கு ட்யூட்டி கடற்கரையில. ஒரு பக்கம் மீனவக் குப்பம். அதுக்கு அடுத்தாப்புல ஒரு காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் செய்லிங் ஸ்கூல். பேரு வேண்டாம் சார், பெரிய இடம். பாய்மரப் படகு ஓட்டக் கத்துக் குடுக்கற பள்ளிக்கூடம். வெள்ளை வெள்ளையா சின்னப் படகுங்க, ஒரு படகுல ரெண்டு பேரு. மோட்டார் கிடையாது, பாய்தான். காத்து எங்க தள்ளுதோ அங்க போறதுக்கு பீஸ் கட்டிப் படிக்கறாங்க. எனக்கு ஆரம்பத்துல அது புரியல. அப்புறம் பெரிய மனுஷங்க செய்யறது நமக்குப் புரியணும்னு என்ன இருக்குன்னு விட்டுட்டேன்.

கடற்கரைய மூடியாச்சு. மீன் பிடிக்கறவங்களைத் தவிர யாரும் வரக்கூடாது, வேற படகு எதுவும் தண்ணில இறங்கக்கூடாது. குப்பத்துல முதல் வாரம் மீன் ஏலம் போட்டாங்க, கூட்டம் கூடிருச்சு. அதோட தொழிலுக்குப் போறதையும் நிறுத்தியாச்சு. மேல இருந்து சொன்னாங்க, நான் செஞ்சேன். அதுக்கும் மீறி விடியக்காலையில திருட்டுத்தனமாப் போறாங்கன்னு தெரிஞ்சதும் படகு இன்ஜின் எல்லாத்தையும் கழட்டி வண்டில ஏத்தி ஸ்டேஷனுக்குப் பின்னாடி கொண்டாந்து அடுக்கிட்டேன். என் யோசனைதான் அது. இன்ஸ்பெக்டர் ஐயாவே சொன்னாரு, "தணிகாசலம், உமக்கு மூளை இருக்குய்யா"ன்னு.

இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் ஒரு நாள் காலையில பார்க்கறேன், சுவருக்குப் பின்னாடியிருந்து வெள்ளைப் பாய் ஒண்ணு ஜம்முனு கடலுக்குள்ள போகுது! எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. லத்தியத் தூக்கிட்டு ஓடினேன். ஸ்கூல் ஓனரு வாசல்லயே நிக்கறாரு. கேப்டன் சுதர்ஷன்னு கூப்பிடுவாங்க. எந்தக் கப்பலுக்கு கேப்டன்னு நான் கேட்டதில்ல. கண்ணாடி, தொப்பி, அரை டவுசர்.

"வாங்க ஏட்டு, உங்களைத்தான் எதிர்பார்த்தேன்"னு ஒரு காகிதத்தை நீட்டறாரு.

வாங்கிப் படிச்சேன். படிச்சதும் ஒரு சல்யூட் அடிச்சேன். ஆர்டர் சார்! முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு. விளையாட்டு வீரர்கள் பயிற்சிய நிறுத்தினா நாட்டுக்கு நஷ்டம், அதனால பாய்மரப் படகுகளில் மட்டும், தனிநபர் இடைவெளியோட, முகக்கவசத்தோட பயிற்சி செய்யலாம்னு போட்டிருக்கு. ஆர்டர்னு வந்தப்புறம் நான் யாரு கேக்கறதுக்கு?

ஆனா நான் கண்ண மூடிக்கிட்டு விடற ஆள் இல்ல. சுத்திப் பார்த்தேன். கரையில ஒரு மோட்டார் படகு நிக்குது. "இது என்ன சார்?"னேன்.

"அது சேஃப்டி போட், ஏட்டு. யாராவது கவுந்துட்டா போய்த் தூக்கறதுக்கு."

"ஆர்டர்ல பாய்மரப் படகு 'மட்டும்'னு போட்டிருக்கே சார்."

"ஏட்டு, அது இல்லாம எப்படி...?"

"மட்டும்னா மட்டும்தான் சார்"னு சொல்லி, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவிய என் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன். பெரிய இடம்னு நான் பாரபட்சம் பார்த்தேனா? இங்க இன்ஜின், அங்க மோட்டார் படகு. ரெண்டு பக்கமும் ஒரே நீதி. இத நீங்க மனசுல வச்சுக்கணும்.

அந்தப் பள்ளிக்கூடத்துல அப்ப படிக்க வந்தவங்களைப் பார்க்கணும் நீங்க. நாட்டுக்காக விளையாடற பிள்ளைங்க ரெண்டு மூணு பேரு இருந்திருக்கலாம். மத்தவங்க எல்லாம் வீட்டுல அடைஞ்சு கிடக்க முடியாதவங்க. ஓட்டல் முதலாளி ஒருத்தரு, சினிமாவுக்குப் பாத்திரம் பண்டம் வாடகைக்கு விடறவரு ஒருத்தரு, தன் ஆஸ்பத்திரிய மூடிட்டதால வந்த பல் டாக்டரம்மா ஒருத்தங்க. எல்லாருக்கும் கழுத்துல அட்டை தொங்கும், 'பயிற்சி வீரர்'னு. ஓட்டல்காரருக்கு வயிறே படகுல பாதி இடம். ஆனா வீரர்னு அட்டை இருக்கு, நான் விட்டேன்.

இது குப்பத்து ஜனங்களுக்குப் பொறுக்கல. பொறாமை சார், வேற என்ன?

பூங்காவனம்னு ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும். மீன் விக்கறவங்க. புருஷன் பேரு தேசிங்கு. அந்தம்மா ஒரு நாள் நாலஞ்சு பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து என் முன்னாடி நின்னாங்க. பின்னாடி மணல்ல பார்த்தா தேசிங்கோட படகுல ஒரு மூங்கில நட்டு, பழைய போர்வையப் பாய் மாதிரிக் கட்டி வச்சிருக்கு.

"என்னம்மா இது?"

"பாய்மரப் படகு ஏட்டையா. நாங்களும் பயிற்சிக்குப் போறோம்."

"யாருக்கும்மா பயிற்சி?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். ரேஷன் அரிசிய வெறுஞ்சோறாவே தின்னு தின்னு அவருக்குக் கடல் மறந்து போச்சாம். திரும்பக் கத்துக்கணும்னாரு."

கூட வந்த பொம்பளைங்க சிரிக்கறாங்க. எனக்கு கோவம் வந்தாலும் அடக்கிக்கிட்டு, பொறுமையா விளக்கம் குடுத்தேன். "இங்க பாரும்மா. அவங்களுக்கு ஆர்டர் இருக்கு. அதுவும் விளையாட்டுக்கு. உங்களுது தொழில். ரெண்டும் ஒண்ணாகுமா?"

"கடல் ஒண்ணுதானே ஏட்டையா?"

"கடல் ஒண்ணுதாம்மா. ஆனா படகுல வலை இருந்தா தொழில், வலை இல்லன்னா விளையாட்டு. விளையாட்டுக்கு அனுமதி உண்டு, பிழைப்புக்கு இல்ல. இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப வலை இல்லாம போறோம்"னாங்க.

"வலை இல்லாம போய் என்ன பண்ணப் போறீங்க?"

"அவங்க என்ன பண்றாங்களோ அதத்தான்."

வாய்க்கு வாய் பேசற ஜனங்களோட ஒரு சட்டத்த எப்படி நடத்தறது? அந்தப் போர்வையக் கழட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். கேஸ் போடல. அதையும் கவனிங்க. போட்டிருக்கலாம்.

அந்தத் தேசிங்கு இருக்கானே, அவன் சொன்னாக் கேக்கற ஆள் இல்ல. அடுத்த ரெண்டு நாள்லயே கட்டுமரத்துல துடுப்புப் போட்டுப் போயிட்டு, கூடையில கொஞ்சம் மத்தியோட கரை ஏறறான். நான் நின்னுக்கிட்டிருக்கேன். லத்தியால முழங்காலுக்குக் கீழ ரெண்டு தட்டு தட்டினேன். வலிக்கறதுக்காக இல்ல, ஞாபகம் இருக்கறதுக்காக. மீனத் தரையில கொட்டச் சொன்னேன். கூடையக் கவுத்துட்டு நொண்டிக்கிட்டே போனான். அவனுக்கு முன்னாடியே கால் கொஞ்சம் இழுக்கும்னு நெனக்கறேன்.

இப்படி நான் பாட்டுக்கு ட்யூட்டி பார்த்துக்கிட்டு இருக்கேன். அப்பதான் அந்த வீடியோ வந்தது.

யாரோ கரையில இருந்து போன்ல பிடிச்சிருக்காங்க. பயிற்சி வீரருங்க கரையத் தாண்டினதும் மாஸ்க்கைக் கழட்டிட்டு, பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டே போறாங்க. ஊரே பார்த்துருச்சு. ஏழைக்கு ஒரு நியாயம் பணக்காரனுக்கு ஒரு நியாயமான்னு கமெண்ட்டு. இன்ஸ்பெக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா கண்காணிக்கற நீ? ஆர்டர்ல ஆறடி இடைவெளி, மாஸ்க்குன்னு போட்டிருக்கா இல்லையா?"ன்னு சத்தம் போட்டாரு.

"கரையில மாஸ்க்கு போட்டுட்டுத்தான் போறாங்க ஐயா. கடல்ல கழட்டினா நான் எப்படிப் பார்க்கறது?"

"அப்ப கடல்ல போய்ப் பாரு."

ஐயா கோவத்துல சொன்னாரோ என்னவோ, எனக்கு அது உத்தரவு. நேரா கேப்டன்கிட்ட போனேன். அவரு முதல்ல தயங்கினாரு, அப்புறம் முகம் மலர்ந்துட்டாரு. போலீஸே படகுல வந்து சோதனை பண்ணி சரின்னு சொல்லிட்டா அதை விட என்ன வேணும்? "வாங்க ஏட்டு, நாளைக்கே வாங்க. போட்டோ எடுத்துக்கலாம்"னாரு.

மறுநாள் நல்ல வெயில் ஏறிருச்சு. கரையிலேர்ந்து கடலப் பார்த்துக் காத்து அடிக்குது. என் சோதனை முடியற வரைக்கும் வேற படகு எதுவும் தண்ணில இறங்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு படகு. அதுல அந்தப் பல் டாக்டரம்மா, நிரஞ்சனான்னு பேரு. அவங்கதான் ஓட்டறாங்க. கத்துக்க ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்தான் ஆச்சு. "பயப்படாதீங்க ஏட்டு சார், நான் க்ளாஸ்ல ஃபர்ஸ்ட்"னாங்க. மிதக்கற சட்டை ஒண்ண என் யூனிபார்ம் மேல மாட்டி விட்டாங்க. நான் தொப்பி, மாஸ்க்கு, லத்தி, பூட்ஸ், எல்லாத்தோடயும்தான் ஏறினேன். ட்யூட்டிக்குப் போறப்ப அரைகுறையாப் போகக் கூடாது.

ஏறினதும் முதல் வேலையா லத்திய வச்சு அளந்தேன். படகு மொத்தமே ரொம்பச் சின்னது. டாக்டரம்மா பின்னாடி சுக்கான் பிடிச்சு உக்காந்திருக்காங்க. நான் முன்னாடி பாய்மரத்து அடியில போய் ஒண்டிக்கிட்டேன். அப்பதான் ஆறடி வரும்.

கரையில இருந்து கேப்டன் கையக் குவிச்சுக் கத்தறாரு, "ஏட்டு, அங்க உக்காரக் கூடாது! நடுவுல வாங்க! டாக்டர் எந்தப் பக்கம் சாயறாங்களோ அந்தப் பக்கமே நீங்களும் சாயணும்!"

"இடைவெளி சார்!"னு திருப்பிக் கத்தினேன்.

கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. உண்மையச் சொல்லணும்னா சொகமாகூட இருந்துச்சு. சத்தமே இல்ல. கரை சின்னதாயிட்டே போகுது. டாக்டரம்மா மாஸ்க்கு போட்டிருக்காங்க, இடைவெளி சரியா இருக்கு, எல்லாம் முறைப்படி நடக்குதுன்னு மனசுக்குள்ள அறிக்கையே எழுதிட்டேன். அப்பதான் காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு. படகு ஒரு பக்கமா சாயுது. டாக்டரம்மா மேல் பக்கம் போய் உக்காந்துக்கிட்டு, "ஏட்டு சார், இந்தப் பக்கம் வாங்க! சீக்கிரம்!"னு அலறாங்க.

"அங்க வந்தா ஆறடி இருக்காது மேடம்!"

"ஆறடியா முக்கியம்? வாங்க சார்!"

நீங்களே சொல்லுங்க. நான் எதைச் சோதனை பண்ண வந்தேன்? இடைவெளிய. சோதனை பண்ண வந்தவனே அதை மீறினா? யாராவது கரையில இருந்து போன்ல பிடிச்சா? நான் யோசிக்கறதுக்குள்ள பாய்க்குக் கீழ இருக்கற குறுக்குக் கட்டை சுத்திக்கிட்டு வந்து என் மண்டையில ஒரு போடு. அவ்வளவுதான். வானம் கீழ வந்துருச்சு, கடல் மேல போயிருச்சு.

தண்ணிக்குள்ள இருந்து நான் வெளிய வந்தப்ப தொப்பி இல்ல, லத்தி இல்ல, மாஸ்க்கு ஒரு காதுல தொங்குது. படகு தலைகீழாக் கிடக்குது. அதோட அடிப்பலகைய ஒரு பக்கம் டாக்டரம்மா பிடிச்சிருக்காங்க, இன்னொரு பக்கம் நான். கவுந்த படகை நிமித்தறதுக்கு ஒரு வழி இருக்காம். ஒருத்தர் பலகை மேல ஏறி நின்னு இழுக்கணுமாம். டாக்டரம்மா ஏறப் பார்த்தாங்க. நான் பூட்ஸோட தொங்கிட்டிருந்ததால முடியல. "கொஞ்சம் கைய விடுங்க சார், சட்டை மிதக்கும்"னு கெஞ்சறாங்க. நான் விடல. அவங்க பல் டாக்டரு. அவங்க பேச்சை நம்பி நான் எப்படிக் கைய விடறது?

கரையில கேப்டன் அங்கயும் இங்கயும் ஓடறது தெரியுது. மோட்டார் படகுகிட்ட ஓடறாரு. சங்கிலியப் பிடிச்சு இழுக்கறாரு. அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. சாவி என் பேண்ட் பாக்கெட்டுல. கடலுக்குள்ள இருந்து எடுத்து அவருக்குக் காட்டினேன், பத்திரமா இருக்குன்னு. அவரு தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அப்புறம் எழுந்து இன்னொரு படகுக்குப் பாய் கட்ட ஆரம்பிச்சாரு. அதக் கட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு கல்யாணமே முடிஞ்சிடும்.

காத்து நிக்கல. எங்களை உள்ள உள்ள தள்ளிக்கிட்டே போகுது. கரையில ஆளுங்க முகம் தெரியல, அப்புறம் ஆளே தெரியல. தென்ன மரம் மட்டும் தெரியுது. டாக்டரம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க. வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்காங்களாம், ஆன்லைன் க்ளாஸ்ல உக்கார வச்சுட்டு வந்தாங்களாம். எனக்கும் என் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. உப்புத் தண்ணி வாயில போயிட்டே இருக்கு. என் சம்சாரம் காலையில டிபன் கட்டிக் குடுத்தப்ப எதையோ சொல்ல வந்தா, நான் நேரமாச்சுன்னு காதுல வாங்கிக்காம வந்துட்டேன். அது என்னவா இருக்கும்னு யோசிக்கறேன். அந்த நேரத்துல மனசு அப்படித்தான் போகும் சார்.

அப்ப ஒரு கட்டுமரம் வருது.

முன்னாடி தேசிங்கு, பின்னாடி பூங்காவனம். ரெண்டு பேரும் துடுப்புப் போடறாங்க. இன்ஜின்தான் ஸ்டேஷன்ல இருக்கே, அவ்வளவு தூரமும் கையாலயே தள்ளிக்கிட்டு வந்திருக்காங்க. மூச்சு வாங்குது ரெண்டு பேருக்கும். எனக்குக் கடவுளையே பார்த்த மாதிரி இருந்துச்சு. கையத் தூக்கி "வாப்பா, வாப்பா"ன்னேன்.

ஆனா கிட்ட வரல சார். கொஞ்சம் தள்ளியே நிறுத்திட்டாங்க.

தேசிங்கு கேக்கறான், "ஏட்டையா, நாங்க கடல்ல இறங்கிட்டோம். ஆர்டர் இல்ல. கேஸ் போடுவீங்களா?"

"போட மாட்டேம்பா!"

"அடிப்பீங்களா?"

"லத்தியே இல்லப்பா!"

அவன் துடுப்ப எடுத்தான். பூங்காவனம், "இருய்யா"ன்னாங்க. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டறாங்க. "நல்லாப் பார்த்துக்குங்க ஏட்டையா. கட்டுமரத்துல வலை இல்ல. இது தொழிலா, விளையாட்டா? நீங்களே சொல்லிடுங்க. அப்புறம் நாளைக்கு வேற மாதிரி சொல்லக் கூடாது."

செத்துக்கிட்டு இருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?

"விளையாட்டும்மா! விளையாட்டு!"ன்னு கத்தினேன். ஒரு அலை வந்து வாயில அடிச்சது. அதத் துப்பிட்டு இன்னொரு தடவை கத்தினேன், "விளையாட்டு!"

"ஆறடி தள்ளியே நிக்கட்டுமா?"

டாக்டரம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க சார். என் சம்சாரம்கூட என்னை அப்படிப் பார்த்ததில்ல. "ஐயோ, அவரை விடுங்க, என்னையாவது ஏத்துங்க!"ன்னாங்க. அதைக் கேட்டதும் பூங்காவனம் முகம் மாறிருச்சு. "அழாதீங்கம்மா, வந்துட்டோம்"னு சொல்லிட்டே தண்ணில குதிச்சு, அவங்க இடுப்பப் பிடிச்சுத் தூக்கிக் கட்டுமரத்துல போட்டாங்க. தேசிங்கு என் காலரைப் பிடிச்சு இழுத்தான். ஒரு ஏட்டோட காலரை! ஆனா நான் அதைப் பெரிசு பண்ணல.

ஒரு கட்டுமரத்துல நாலு பேரு, ஒருத்தர் மேல ஒருத்தர். இடைவெளிங்கற பேச்சே இல்ல. பின்னாடி அந்த வெள்ளைப் படகையும் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு, எதிர்க்காத்துல துடுப்புப் போட்டு, ரெண்டு பேரும் கை சோர்ந்து கை சோர்ந்து கொண்டாந்து சேர்த்தாங்க. பூங்காவனம் உள்ளங்கையில தோல் உரிஞ்சு ரத்தம் வருது. அதப் பார்த்து டாக்டரம்மா தன்னோட துப்பட்டாவக் கிழிச்சுக் கட்டி விட்டாங்க. நான் இருமிக்கிட்டிருந்தேன்.

கரையில கேப்டன் துண்டோட ஓடி வந்தாரு. எங்க ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டுப் போய் சூடா காப்பி குடுத்தாரு. தேசிங்கும் அந்தம்மாவும் கேட்டுக்கு வெளியவே நின்னாங்க. உள்ள விடல. விட முடியாது சார், வெளி ஆளுங்களை விடக் கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கு. கேப்டன் நல்ல மனுஷன், காப்பிய வெளியவே அனுப்பறேன்னாரு. அதுக்குள்ள அவங்க போயிட்டாங்க. டாக்டரம்மா ஈரத்தோட வெளிய ஓடிப் போய்த் தேடிட்டு வந்தாங்க. அன்னிக்கு அப்புறம் அவங்க அந்த ஸ்கூல் பக்கமே வரல. அட்டையக் கழட்டிக் கேப்டன் மேசையில வச்சுட்டுப் போயிட்டாங்க. ஏன்னு தெரியல. க்ளாஸ்ல ஃபர்ஸ்ட்டு.

இனிமேதான் முக்கியமான கட்டம். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஐயா கூப்பிட்டு, "யாருய்யா உன்னைக் காப்பாத்தினது?"ன்னு கேக்கறாரு. சொன்னேன்.

"மீனவங்களா? அவங்க கடல்ல இறங்கக் கூடாதே. அவங்க இறங்காம பார்த்துக்கறதுதானே உன் ட்யூட்டி?"

அவங்க காப்பாத்தினாங்கன்னு எழுதினா, அவங்க மேல கேஸ். அவங்களை விட்டதுக்கு என் மேல மெமோ. மோட்டார் படகைப் பூட்டினது யாரு, சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு கேள்வி வரும். ஸ்கூல் ஆர்டரையும் ரத்து பண்ணுவாங்க. எல்லாருக்கும் கெடுதல். ராத்திரிக்குள்ள அறிக்கை வேணும்னாரு. நான் உக்காந்து யோசிச்சேன். யாருக்கும் பாதகம் இல்லாம ஒரே வரி எழுதினேன்: 'படகு கவிழ்ந்த நிலையில், கடல் அலையே இருவரையும் பத்திரமாகக் கரை சேர்த்தது.'

ஐயா ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் கையெழுத்துப் போட்டாரு.

இப்ப சொல்லுங்க, அந்த ரெண்டு பேரையும் காப்பாத்தினது யாரு? நான். அவங்க பேரே இல்லாம பண்ணி, கேஸ்லேர்ந்து காப்பாத்தினேன். அவங்க என்னை ஒரு தடவை காப்பாத்தினாங்க, நான் அவங்களை ஒரு தடவை. சரிக்குச் சரி. ஆனா எனக்கு என்ன கிடைச்சுது? லத்தியும் தொப்பியும் அரசாங்கச் சொத்து, அதைக் கடல்ல விட்டதுக்கு விளக்கம் கேட்டு மெமோ. அதே வருஷம் ஸ்கூலுக்குக் கேடயம் குடுத்தாங்க, பெருந்தொற்றுலயும் பயிற்சிய நிறுத்தாம, விபத்தே இல்லாம நடத்தினதுக்கு. விழாவுக்கு என்னையும் கூப்பிட்டாங்க. பந்தோபஸ்துக்கு.

தடையெல்லாம் நீக்கினப்புறம் இன்ஜினத் திருப்பிக் குடுத்தோம். நடுவுல ரெண்டு மழை பெய்ஞ்சிருச்சு. மூடி வைக்கணும்னு யாருக்கும் தோணல, எனக்கும் வேற வேலை இருந்துச்சு. பூங்காவனம் வந்தாங்க. அவங்க இன்ஜின் மேல துரு ஏறிக் கிடக்குது. உள்ள பூனை ஒண்ணு குட்டி போட்டிருந்துச்சு. அந்தம்மா குட்டிங்களை ஒவ்வொண்ணா எடுத்து ஓரமா வச்சுட்டு, முந்தானையால இன்ஜினத் துடைச்சுப் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. நானே பேச்சுக் குடுத்தேன்.

"ஏம்மா, உங்க ரெண்டு பேரு பேரையும் நான் அறிக்கையில எழுதவே இல்ல. தெரியுமா?"

"எங்கயுமே இல்லையா ஏட்டையா?"

"எங்கயுமே இல்ல. நிம்மதியா இரும்மா."

"அப்ப உங்களை யாரு கரை சேர்த்ததுன்னு எழுதினீங்க?"

"அலைன்னு எழுதிட்டேன்."

அந்தம்மா முந்தானைய உதறி இடுப்புல சொருகினாங்க. "அலையா"ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு நன்றி? ஒரு வார்த்தை? கிடையாது. இன்ஜினத் தூக்க ஆள் கூப்பிட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னியிலேர்ந்து குப்பத்துல எவனும் எனக்கு முகம் குடுத்துப் பேசறதில்ல. மீன் வாங்கப் போனாக்கூட, இருக்கற மீன வச்சுக்கிட்டே தீந்து போச்சுங்கறாங்க. இதுதான் சார் என் வருத்தம்.

இப்ப அங்கதான் போறேன். ஸ்கூலுக்கு. ரிட்டையர் ஆனதும் கேப்டன் கூப்பிட்டு வேலை குடுத்தாரு. கரைப் பாதுகாப்பு அதிகாரி. படகுல ஏற மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேன். சுவர் ஓரமா குப்பத்துக்காரங்க வலை காயப் போடாம பார்த்துக்கறதும், யாராவது கவுந்தா விசில் ஊதறதும்தான் வேலை.

போன வாரம் ஒரு சாப்ட்வேர்க்காரரு கவுந்துட்டாரு. மத்தியானம், கரையப் பார்த்துதான் காத்து, ரொம்ப தூரமும் இல்ல. ஆனா ஆளு பயந்து போய்க் கைய கால ஆட்டறாரு. மோட்டார் படகை ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிருந்தாங்க. நான் விசில் ஊதறேன், ஊதறேன். குப்பத்துப் பக்கம் வலை பின்னிக்கிட்டிருந்த பசங்க நாலு பேரு எழுந்துட்டாங்க. அப்ப பூங்காவனம், நான் அறிக்கையில எழுதினத அப்படியே சொல்றாங்க சார், சத்தமா, எனக்குக் கேக்கற மாதிரி: "உக்காருங்கடா. அலை கொண்டாந்து கரையில விட்டுடும்."

பசங்க சிரிச்சுட்டு உக்காந்துட்டாங்க. அந்தம்மா மட்டும் உக்காரல. தண்ணி ஓரமா போய்க் கட்டுமரத்துக் கயித்தக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னாங்க, அந்த ஆளு கால் ஊணி எழுந்து நிக்கற வரைக்கும். எதுக்கு நின்னாங்கன்னு தெரியல. அப்புறம் கயித்தப் போட்டுட்டு, என் பக்கம் திரும்பாமலேயே போயிட்டாங்க.

நிஜமாவே அலைதான் சார் அவரைக் கொண்டாந்து விட்டுச்சு! எனக்கு மனசு லேசாயிருச்சு. நான் எழுதினது பொய்யின்னு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்திருக்கலாம், இப்ப அதுவும் இல்ல. அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களே, நாலு பேரு முன்னாடி, தன் வாயாலேயே.

கண்டக்டர், இங்க நிறுத்துப்பா. வரேன் சார்.